மாமல்லபுரத்துக்கு முன்னால் மண்டகப்பட்டு

குடைவரைக் கோயில்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் நேராக மாமல்லபுரத்தில் போய் இறங்குகிறார்கள். மகிடாசுரமர்த்தினி குடைவரையும் வராகக் குடைவரையும் அங்கே கண்ணைப் பறிக்கும். அதுதான் சிக்கலும். சுவரை நிறைத்திருக்கும் சிற்பத் தொகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், தூண் எப்படி நிற்கிறது, கூரை எங்கே தொடங்குகிறது, கருவறைக்குள் என்ன இருந்தது என்பதெல்லாம் கவனத்தில் ஏறாமலே போய்விடும். குடைவரை என்பது முதலில் ஒரு கட்டடம். கல்லை அடுக்கிக் கட்டாமல், வேண்டாத கல்லை எடுத்து எடுத்து உண்டாக்கிய கட்டடம். இதைக் கண் பழகிக்கொள்ள வேண்டுமானால், சிற்பம் குறைவாகவும் கட்டுமானம் வெளிப்படையாகவும் உள்ள மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகளிலிருந்து தொடங்குவதே நல்லது. விழுப்புரம், செஞ்சி, வந்தவாசி, காஞ்சிபுரம் என்று ஒரே வளைவில் அவை கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுக் கடைசியில் மாமல்லபுரம் போனால், அதே வராகக் குடைவரை வேறு மாதிரி தெரியும்.

ஏழாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளை ஒட்டி ஆண்ட பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன். விசித்திரசித்தன், குணபரன், மத்தவிலாசன், லளிதாங்குரன், சத்ருமல்லன், அவனிபாஜனன், பகாப்பிடுகு, சேத்தகாரி என்று அவருக்குப் பட்டப்பெயர்கள் ஏராளம். அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போவது வீண் வேலையாகாது. பல குடைவரைகளுக்கு அவர் தம் பட்டப்பெயர் ஒன்றையே வைத்திருக்கிறார். தூண்களிலும் அவற்றையே பொறித்திருக்கிறார். சத்ருமல்லேசுவராலயம் என்றால் தளவானூர், அவனிபாஜன பல்லவேசுவரம் என்றால் சீயமங்கலம், லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்றால் திருச்சி மலைக்கோட்டையின் மேல் குடைவரை.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு. சிறிய பாறைதான். முகப்பில் நடுவே இரண்டு முழுத்தூண்கள், இரு ஓரங்களிலும் பாறையோடு ஒட்டிய இரண்டு அரைத்தூண்கள், அவற்றுக்கு அப்பால் கோட்டத்துக்குள் (சுவர் மாடத்துக்குள்) ஆளுக்கொரு பக்கமாக வாயிற்காவலர்கள். உள்ளே இன்னொரு தூண்வரிசை, அதற்குப் பின்னால் சுவரில் மூன்று கருவறைகள். இவ்வளவுதான் கோயில். இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தமிழகக் கலை வரலாற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமன், ஈசுவரன், விஷ்ணு ஆகியோருக்கு விசித்திரசித்தன் என்னும் அரசன் எடுப்பித்த, இலக்ஷிதாயதனம் என்னும் கோயில் என்று அது சொல்கிறது.

'தமிழகத்தின் முதல் கற்கோயில்' என்று இதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. இதுவே முதல் என்றோ, எனக்கு முன் யாரும் செய்யவில்லை என்றோ அதில் ஒரு சொல்லும் கிடையாது. பாண்டிய நாட்டில் பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கல்வெட்டின் எழுத்து வடிவம் இதைவிடப் பழையது என்று கருதுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். 'முதல்' என்ற பட்டத்தை விட்டுவிட்டு அந்த நான்கு 'இல்லாமல்'களைக் கவனியுங்கள். அன்றைக்கு வழக்கத்தில் இருந்த கோயில் எதனால் ஆனது என்பதற்கு அதுவே சான்று. செங்கல் சுவர், மரத்தூண், மர உத்திரம், இணைக்க உலோகம், மேலே சுதைப் பூச்சு. அந்த மரக் கட்டுமானத்தின் நினைவு கல்லில் எப்படித் தங்கியிருக்கிறது என்பதை இனி ஒவ்வொரு குடைவரையிலும் பார்க்கலாம்.

தூணிலிருந்து தொடங்குவோம். மகேந்திரர் பாணித் தூணை ஒரு முறை பார்த்தால் மறக்க முடியாது. அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே மறுபடி சதுரம். நடுப்பகுதியைக் 'கட்டு' என்பார்கள். ஆகவே சதுரம், கட்டு, சதுரம் என்று எழுதுவது ஆய்வாளர் வழக்கம். பொதுவாக ஏழடி உயரமும் சதுரத்தில் பக்கத்துக்கு இரண்டடியும் இருக்கும். இந்தக் குட்டையான பருமன்தான் முகப்புக்கு அந்த அழுத்தத்தைத் தருகிறது. தூணுக்கு மேலே இருபுறமும் கை நீட்டியதுபோல் இருப்பது போதிகை. மரக் கட்டடத்தில் உத்திரத்தின் சுமையைத் தூணுக்குக் கடத்துவதற்கு அது கட்டாயம் வேண்டும். இங்கே உத்திரமும் போதிகையும் தூணும் ஒரே பாறை; சுமை கடத்த வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் போதிகையைச் செதுக்கியிருக்கிறார்கள், ஏனென்றால் கோயில் என்றால் அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. போதிகையின் வளைவில் அலை அலையாகச் சுருள்கள் இருந்தால் அது தரங்கப் போதிகை. மண்டகப்பட்டில் தூண்கள் வெறுமையாக இருக்கின்றன. பின்னால் போகப்போகச் சதுரங்களில் தாமரைப் பதக்கங்கள் வந்துவிடும். தளவானூரிலும் மகேந்திரவாடியிலும் அந்தப் பதக்கங்களைப் பார்க்கலாம்.

அடுத்துக் கூரையின் முன்விளிம்பு. மண்டகப்பட்டில் தூண்களுக்கு மேலே பாறை கரடுமுரடாக அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கபோதம் என்னும் வளைந்த கூரைவிளிம்பு உருவாக்கப்படவில்லை. தளவானூரில் அது வளைந்து இறங்கும் ஒழுங்கான கபோதமாகிவிட்டது. இடையிடையே லாட வடிவச் சிறு வளைவுகளாகக் கூடுகள், கூடுகளுக்குள் முகங்கள். ஓலைக் கூரையின் தாழ்வாரமும் அதில் காற்றுக்காக விட்ட சாளரமும் கல்லுக்கு வந்த கதை இது. இரண்டு ஊர்களும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பதால், ஒரே காலையில் இரண்டையும் பார்த்து இந்த மாற்றத்தை நேரில் ஒப்பிடலாம். புத்தகத்தில் நூறு முறை படித்தாலும் மனத்தில் நிற்காதது அங்கே அரை மணி நேரத்தில் நின்றுவிடும்.

தளவானூர் என்று வழிகாட்டிச் செயலியில் போடும்போது கவனம் வேண்டும். விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையிலும் ஒரு தளவானூர் இருக்கிறது. தடுப்பணை உடைந்து செய்தியில் அடிபட்டது அந்த ஊர். குடைவரை உள்ளது செஞ்சிப் பக்கத்துத் தளவானூர். மாமண்டூரிலும் இதே குழப்பம் உண்டு. சென்னை திருச்சி நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கும் மாமண்டூருக்கும் குடைவரைக்கும் தொடர்பே இல்லை. நாம் போக வேண்டியது காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைக் கடந்து வந்தவாசி சாலையில் வரும், தூசி அருகிலுள்ள மாமண்டூர். வல்லமும் அப்படியே: தஞ்சாவூர் வல்லம் வேறு, திருப்பெரும்புதூர்த் தொழிற்பேட்டை வல்லம் வேறு. செங்கல்பட்டுக்குப் பக்கத்து வல்லத்தில்தான் குடைவரைகள் உள்ளன. ஊர்ப்பெயரை மட்டும் போட்டுத் தேடாமல் 'குடைவரை' என்றோ அருகிலுள்ள பெரிய ஊரின் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள்.

தளவானூர்க் குடைவரை தெற்கு நோக்கியது. ஆனால் உள்ளே போனால் கருவறை எதிரில் இருக்காது. மண்டபத்தின் மேற்குப் பக்கத்தில் கிழக்கு பார்த்து இருக்கும். பாறையின் எந்தப் பக்கம் வெட்ட வசதியோ அந்தப் பக்கம் முகப்பு, இறைவனுக்குக் கிழக்கு முகம் என்று இரண்டையும் பொருத்திவைத்திருக்கிறார்கள். திருச்சி மேல் குடைவரையிலும் இதேபோல்தான்: முகப்பு தெற்கே, கருவறை பக்கவாட்டில். அங்கே கருவறைக்கு எதிர்ச்சுவரில் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனான கங்காதரர். தளவானூர் முகப்பில் தூண்களுக்கு இடையே வளையும் மகரதோரணத்தை நின்று பாருங்கள். விழாவன்று வாயிலில் கட்டும் தோரணத்தை நிரந்தரமாகவே கட்டிவிட்டதுபோல் இருக்கும்.

கருவறைக்குள் போனதும் பலருக்கு ஏமாற்றம் வருகிறது. மண்டகப்பட்டில் மூன்றும் காலி. திருடு போய்விட்டதா என்று கேட்பார்கள். அப்படி நினைக்கத் தேவையில்லை. மகேந்திரர் காலத்துக் கருவறைகளில் மூலவர் கல்லில் செதுக்கப்படவில்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. பின்சுவரையும் தரையையும் டார்ச் அடித்துப் பார்த்தால் சிறு குழிகள் தெரியும். மரத்தாலோ சுதையாலோ செய்த, வண்ணம் தீட்டிய திருமேனியைப் பொருத்துவதற்கான ஏற்பாடு அது. இன்றைக்கு இவற்றில் பலவற்றுள் காணப்படும் இலிங்கங்கள் பின்னாளில் வைக்கப்பட்டவை. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியில் மட்டும் இலிங்கம் தாய்ப்பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது, அது தனிச்சிறப்பு. காலியான கருவறையை 'ஒன்றுமில்லை' என்று தாண்டிவிடாமல், குழிகள் எத்தனை, எந்த உயரத்தில், எந்த இடைவெளியில் இருக்கின்றன என்று பார்ப்பவருக்கு அங்கே இருந்த திருமேனியின் அளவாவது பிடிபடும்.

மாமண்டூரில் ஒரு முழுக் காலையைச் செலவிடுங்கள். நான்கு குடைவரைகளும் ஒரே குன்றின் கிழக்குச் சரிவில் இருக்கின்றன. குன்றை ஒட்டியது சித்திரமேகத் தடாகம் என்று பழம்பெயர் கொண்ட பெரிய ஏரி. முதல் குடைவரையில் சிதைந்துபோன நீண்ட வடமொழிக் கல்வெட்டு உண்டு. இரண்டாவது மூன்று கருவறைகளைக் கொண்டது; சோழர் காலக் கல்வெட்டு அதை உருத்திரவாலீசுவரம் என்கிறது. இவை இரண்டையும் பார்த்துவிட்டு, மூன்றாவதையும் நான்காவதையும் 'முடியாதவை' என்று எட்டிப் பார்த்துவிட்டு வண்டியேறிவிடுகிறார்கள். நேரம் ஒதுக்க வேண்டியதே அந்த இரண்டுக்கும்தான். ஒரு குடைவரை எப்படி வெட்டப்பட்டது என்பதை முடிந்த கோயில் மறைத்துவிடும். பாதியில் நின்ற கோயில் திறந்து காட்டும்.

வேலை நடந்த முறை இது. முதலில் சரிவான பாறையின் முகத்தைச் செங்குத்தாகச் சீவி, ஒரு சுவர்போல் ஆக்குகிறார்கள். சரிவு அதிகமாக இருந்தால், கீழே போகப்போக வெட்டு ஆழமாகிக்கொண்டே போகும். அதனால்தான் பல குடைவரைகளுக்கு முன்னால் இருபுறமும் பாறைச் சுவர் உள்ள ஒரு முற்றம் போன்ற பள்ளம் இருக்கிறது. அடுத்து, எடுக்க வேண்டிய பரப்பைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களைச் சுற்றி உளியால் ஆழமான பள்ளக் கோடுகளை வெட்டுகிறார்கள். நடுவில் துருத்தி நிற்கும் கட்டிகளைப் பிறகு தட்டி உடைத்தெடுக்கிறார்கள். அதற்கடியில் மறுபடி சதுரம், மறுபடி பள்ளக் கோடு. முழுப் பரப்பையும் பொடிப்பொடியாகப் பொளிந்து எடுப்பதைவிட இதில் உழைப்பு மிகவும் குறைவு. மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்தின் பக்கத்துக் குன்றிலுள்ள முற்றுப்பெறாத குடைவரைகளிலும், பிடாரி இரதங்களிலும் இந்தச் சதுரங்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. விரலை வைத்து அளக்கலாம்.

உள்ளே போகும்போது மேலிருந்து கீழே வருவதே முறை. கூரைமட்டத்தில் முதலில் குடைந்து, அங்கிருந்து தரையை நோக்கி இறங்கினால் கல் தானாகக் கீழே விழும். வேலை செய்பவர் முடிந்த பகுதிக்கு மேல் ஏறி நிற்க வேண்டியதில்லை. பாதியில் நின்ற குடைவரைகளில் போதிகையும் மேல்சதுரமும் ஓரளவு வடிவம் பெற்றிருக்க, தூணின் கால்பகுதி பருத்த கட்டையாகவே நிற்பதற்கு இதுவே காரணம். முன்னே உள்ளது முதலில், பின்னே உள்ளது பிறகு. கருவறை கடைசியில் வரும். ஆகவே எங்கே வேலை நின்றது என்று பார்த்தாலே எந்த வரிசையில் வேலை நடந்தது என்று சொல்லிவிடலாம். தோராயமாக வெட்டுபவர்கள் முன்னே போக, நயமாகச் செதுக்குபவர்கள் அவர்கள் பின்னாலேயே வந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஒரே குடைவரையில் முகப்புத் தூண் வழுவழுப்பாகவும் உட்சுவர் உளித்தழும்போடும் இருப்பது அதனால்தான்.

இந்தத் தொழிலில் தவறுக்கு இடமில்லை. கட்டடக் கோயிலில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே தூண் உடைந்தால் அந்த இடத்தில் தூண் கிடையாது, அவ்வளவுதான். பாறைக்குள் விரிசல் ஓடுகிறதா என்பது வெட்டி உள்ளே போன பிறகுதான் தெரியவரும். தட்டிப் பார்த்து ஓசையில் ஓரளவு கண்டுபிடிக்கலாம், முழுமையாக முடியாது. விரிசல் குறுக்கிட்டால் திட்டத்தைச் சுருக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். மற்றொரு பகை மழைநீர். பாறைமேல் விழும் நீர் சரிந்து முகப்பு வழியாக உள்ளே வந்துவிடும். அதைத் தடுக்கத் தூண்வரிசைக்கு மேலே, பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டுவார்கள். நீர் அதில் பட்டு முன்பக்கமாகவே சொட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போனால் அந்தக் காடி வேலை செய்வதைப் பார்க்கலாம். காடி சிதைந்த இடங்களில் நீர் சுவரோடு இறங்கிக் கறுப்புப் பட்டையாகப் பாசி படிந்திருக்கும்.

இவ்வளவும் கருங்கல்லில் நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். கர்நாடகத்து வாதாபியில் (பாதாமி) சாளுக்கிய மன்னன் முதலாம் கீர்த்திவர்மன் காலத்தில் அவன் தம்பி மங்களேசன் எடுப்பித்து, 578-இல் முடிந்த மூன்றாம் குடைவரை இதைவிடப் பன்மடங்கு பெரியது, சிற்பச் செறிவிலும் மேலானது. ஆனால் அது மணற்கல். எல்லோராவும் எலிஃபண்டாவும் எரிமலைக் குழம்பு இறுகிய தக்காணப் பாறை. எலிஃபண்டாவின் சதாசிவர் மூன்று ஆள் உயரம். விதிசை அருகே உதயகிரியில் குப்தர் காலத்து வராகர் ஒரு சுவரையே நிறைத்து நிற்கிறார்; அதுவும் மணற்கல்தான். தொண்டை மண்டலத்துப் பாறை உளியை மழுங்கடிக்கும் பாறை. ஒரு கொல்லன் பக்கத்தில் உட்கார்ந்து உளியைக் காய்ச்சித் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மண்டகப்பட்டுச் சிறியது என்று சொல்லுமுன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாயிற்காவலரைப் பற்றி ஒரு செய்தி. செங்கல்பட்டு வல்லத்தில், இப்போது வேதாந்தீசுவரர் என்று வழிபாட்டில் உள்ள குடைவரையில், ஒரு காவலர் தலையின் இருபக்கமும் கொம்புகள் தெரியும். மாட்டுக்கொம்பு வைத்த பழங்குடித் தலைவன் என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. எதிரில் நிற்பவரின் மகுடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும்: நெற்றிக்கு மேலே நடுவில் மழுவின் வாய் துருத்தியிருக்கிறது. முதலாமவர் சூலத்தின் உருவம், மகுடமே அதன் நடுமுனை, கொம்புகள் பக்கமுனைகள். இரண்டாமவர் மழுவின் உருவம். சிவனின் படைக்கலங்களே ஆள் வடிவில் வாயிலைக் காக்கின்றன. எனக்கு இந்த விளக்கமே முழுமையாகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது, ஏனென்றால் இருவரையும் சேர்த்து விளக்குவது இது ஒன்றுதான். இதே வல்லத்தின் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்ற பெயர்களையுடைய மயேந்திரப் போத்தரையரின் அடியான் வயந்தப்பிரியரையர் மகன் கந்தசேனன் செய்வித்த தேவகுலம் என்று அது பேசுகிறது. அரசர் மட்டுமல்லாமல், அவருக்குக் கீழிருந்தவர்களும் குடைவரை எடுத்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று.

கல்வெட்டைப் படிக்காவிட்டாலும் பார்க்கவாவது தெரிந்திருக்க வேண்டும். டார்ச்சை நேராகச் சுவரில் அடித்தால் எழுத்து மறைந்துபோகும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, ஒளி கல்மேல் தவழ்ந்து போகும்படி அடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, இல்லாதது போலிருந்த வரி எழுந்து வரும். படம் எடுக்கும்போதும் அப்படியே, ஃபிளாஷை அணைத்துவிட்டு, இன்னொருவர் கையில் டார்ச்சைக் கொடுத்து எடுங்கள். சாக்பீஸ், மாவு, விபூதி, தண்ணீர் எதையும் எழுத்தின் மேல் பூசக் கூடாது. 'தெளிவாகத் தெரியட்டும்' என்று பூசிய சாக்பீஸ் தடங்களை அடுத்து வருபவர் தேய்த்துத் துடைக்கிறார். அந்தத் தேய்ப்பில்தான் விளிம்புகள் மழுங்குகின்றன.

வெளிச்சத்துக்குத் தக்கபடி பயணத்தை வகுப்பது முக்கியம். மாமண்டூர், வல்லம், மகேந்திரவாடி மூன்றும் கிழக்கு நோக்கியவை. காலை ஒன்பது மணிக்குள் போனால் வெயில் தூண்களைத் தாண்டி உள்ளே விழும். மண்டகப்பட்டு வடக்கு நோக்கியது. எப்போது போனாலும் சீரான நிழல் வெளிச்சம்தான், ஆகவே நடுப்பகலை அதற்கு ஒதுக்கலாம். சீயமங்கலம் மேற்கு நோக்கியது. ஆனால் அதற்கு முன்னால் பிற்கால மண்டபங்கள் எழுந்துவிட்டதால் பிற்பகலிலும் உள்ளே இருட்டுத்தான். நல்ல டார்ச் இல்லாமல் போனால் அங்குள்ள அருமையான இரண்டு சிற்பங்களைத் தவறவிட்டுவிடுவீர்கள். அரைத்தூண்களின் மேல் பகுதியில், ஒரு பக்கம் ஆடும் சிவன், மறுபக்கம் உமையோடும் காளையோடும் நிற்கும் சிவன். இரண்டும் கையகலச் சிற்பங்கள் என்றே சொல்லலாம். தமிழகத்தில் கல்லில் வந்த மிகப் பழைய ஆடல்வல்லான் உருவங்களில் அந்த ஆடும் சிவன் ஒன்று. காலடியில் முயலகனைத் தேடாதீர்கள், அவன் இல்லை. பாம்பு ஒன்று படமெடுத்து நிற்கிறது. தஞ்சாவூர், சிதம்பரம் செப்புத்திருமேனிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஆட்டம் விறைப்பில்லாமல், நடந்து போகிறவர் திடீரென்று காலைத் தூக்கியதுபோல் இருக்கும். லளிதாங்குரன் எடுத்த இக்கோயில் நற்செயல்கள் என்னும் மணிகளை வைத்த பேழை போன்றது என்று இவ்வூர்க் கல்வெட்டு சொல்வது பொருத்தமே.

இந்தக் கணக்கில், முதல் நாள் விழுப்புரத்திலிருந்து காலையில் தளவானூர், பிறகு மண்டகப்பட்டு, அருகிலேயே பனமலையில் பிற்காலப் பல்லவ மன்னன் இராசசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் என்று பார்த்துவிட்டு இரவு செஞ்சியில் தங்கலாம். பனமலை குடைவரை அல்ல, கட்டுமானக் கோயில். என்றாலும் ஒரு சிறு சன்னிதிச் சுவரில் பல்லவர் கால உமையின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. இவ்வளவு அருகில் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போகக் கூடாது. இரண்டாம் நாள் காலை செஞ்சியை ஒட்டிய சிங்கவரம். அங்கே பாறையில் வெட்டிய அரங்கநாதர் பள்ளிகொண்ட கோலத்தில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறார். பிற்பகலில் தேசூர் வழியாகச் சீயமங்கலம், அப்படியே வந்தவாசி, இரவு காஞ்சிபுரம். மூன்றாம் நாள் விடியலில் மாமண்டூர், அதற்குப் பக்கத்தில் குரங்கணில்முட்டம். ஏழு கருவறைகளை ஒரே குடைவரைக்குள் வெட்டியிருப்பதைக் குரங்கணில்முட்டத்தில் பார்க்கலாம்: பின்சுவரில் மூன்று, பக்கச் சுவர்களில் இரண்டிரண்டு. மகேந்திரவாடிக்குத் தனியாக ஒரு காலை வேண்டும். அரக்கோணம் காட்பாடி வழித்தடத்தில் அந்த ஊர்ப் பெயரிலேயே இரயில் நிலையம் இருக்கிறது; பாசஞ்சர் வண்டிதான் நிற்கும். தனியாகக் கிடக்கும் ஒரே உருண்டைப் பாறையைக் குடைந்து திருமாலுக்கு எடுத்த மகேந்திர விஷ்ணுகிருகம் அது. மகேந்திர தடாகத்தின் கரையில், மகேந்திரபுரத்தில், குணபரன் பாறையைப் பிளந்து எடுத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. ஏரி, ஊர், கோயில் மூன்றுக்கும் ஒரே பெயர்.

தொல்லியல் துறையின் காவலில் உள்ள சிறு குடைவரைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கம்பிக்கதவு பூட்டியிருக்கலாம். சாவி காவலரிடம் இருக்கும். அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். டீக்கடையில் "கல்மண்டபம் பாக்கணும், சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டால் போதும். 'குடைவரை' என்ற சொல் ஊரில் எடுபடாது; கல்மண்டபம், பாறைக்கோயில், பஞ்சபாண்டவர் மலை என்றுதான் சொல்வார்கள். வழிபாட்டில் உள்ள சிங்கவரம், சீயமங்கலம், வல்லம் போன்றவை நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். நான்கு மணிக்குப் பிறகே திறப்பார்கள். மாமல்லபுரத்து ஆதிவராகக் குடைவரையும் அப்படித்தான், படம் எடுக்கவும் விடமாட்டார்கள். ஆனால் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்த அரச உருவங்கள் அங்கேதான் இருக்கின்றன. நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். முக்காலி நிறுத்திப் படமெடுக்கத் துறையின் முன்அனுமதி வேண்டும்.

மார்கழி பிற்பகுதியிலிருந்து மாசி வரை நல்ல பருவம். சித்திரை, வைகாசியில் பாறையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கூரையில் தேன்கூடோ கதண்டுக் கூடோ இருக்கிறதா என்று உள்ளே நுழையுமுன் நிமிர்ந்து பாருங்கள். இருந்தால் ஊதுவத்தி, கற்பூரம், வாசனைத் தைலம், சத்தம் எதுவும் வேண்டாம். நேராகத் திரும்பிவிடுவதே நல்லது. இருட்டுக் கருவறைக்குள் காலை வைக்குமுன் தரையில் ஒளி அடியுங்கள்.

மாமல்லபுரத்துக்குக் கடைசியாக வாருங்கள். இப்போது தூண் மெலிந்து உயர்ந்திருப்பதும், அடியில் சிங்கம் உட்கார்ந்துவிட்டதும், போதிகைக்குக் கீழே கலசமும் பலகையும் சேர்ந்திருப்பதும் உடனே கண்ணில் படும். மண்டகப்பட்டில் வெறுமையாக விட்ட பக்கச் சுவர்கள் இங்கே முழுக் கதைகளாகிவிட்டன. மகிடாசுரமர்த்தினி குடைவரையில் ஒரு சுவரில் போர் புரியும் கொற்றவை, எதிர்ச்சுவரில் பாம்பணையில் துயிலும் திருமால். இரண்டையும் மண்டபத்தின் நடுவில் நின்று மாறி மாறிப் பாருங்கள், தனித்தனியாகப் பார்க்க வேண்டாம். இராமானுச மண்டபத்தில் சுவர்ச் சிற்பங்கள் உளியால் சுரண்டி எடுக்கப்பட்டு வெளிக்கோடு மட்டும் எஞ்சியிருக்கிறது. காளை, சிங்கம், பூதம் எது எங்கே இருந்தது என்று அந்த வெளிக்கோட்டை வைத்து ஊகிக்கலாம். முற்றுப்பெறாத பஞ்சபாண்டவர் குடைவரையின் முகப்பு வரிசையின் அகலத்தைப் பாருங்கள்; முடிந்திருந்தால் அந்த ஊரிலேயே மிகப் பெரியதாக இருந்திருக்கும்.

இன்னும் தெற்கே போக விரும்புகிறவர்களுக்கு மதுரையைச் சுற்றிய பாண்டியர் குடைவரைகள் தனி உலகம். ஆனைமலை நரசிங்கம் 770, திருப்பரங்குன்றம் 773 என்று கலியாண்டுக் கணக்கோடு கல்வெட்டே காலம் சொல்லும் இடங்கள் அவை. திருச்சியில் பல்லவர் பணியையும் பாண்டியர் பணியையும் ஒரே மலையில், மேலும் கீழுமாக ஒப்பிடலாம்.

இந்தக் கோயில்களுக்கு இன்றைக்கு மழையைவிட மனிதர்களால்தான் சேதம் அதிகம். தூணடியில் வைக்கும் விளக்கின் சூட்டில் கருங்கல் ஏடு ஏடாக உரிகிறது. எண்ணெய் ஊறிய இடத்தில் தூசி படிந்து எழுத்து மூடிக்கொள்கிறது. வெள்ளையடிப்பும் வண்ண எனாமலும் உளி வேலையின் நுணுக்கத்தை அடைத்துவிடுகின்றன. அவற்றை நீக்குகிறோம் என்று மணல்வீச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தால் கல்வெட்டே போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரிது கல்குவாரி. விழுப்புரம், வந்தவாசி, காஞ்சிப் பக்கத்துக் குன்றுகள் வரிசையாக உடைபட்டுக்கொண்டிருக்கின்றன. வெடி வைக்கும்போது பாறைக்குள் பரவும் அதிர்வு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அசையாமல் இருந்த விரிசலைத் திறந்துவிடப் போதும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுக்குட்பட்ட பகுதி. நீலப் பலகையில் அது எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் புதிதாகத் தோண்டுவதையோ வெடிப்பதையோ பார்த்தால், இடத்தின் ஒரு படம், தேதி, கிராமத்தின் பெயர், வட்டத்தின் பெயர், முடிந்தால் சர்வே எண் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். இருவருக்கும் நகல் போயிருப்பதைக் கடிதத்திலேயே குறிப்பிட்டு, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.